டர்ஃப் மைதானத்தில் எதற்குப் பயப்பட வேண்டும்?

போன மாதம் அக்கா ஒரு வாட்ஸ்அப் செய்தியை எனக்குத் தள்ளிவிட்டு, கூடவே ஒரு குரல் பதிவும் போட்டிருந்தாள். “தம்பி, இதப் பாத்தியா? டர்ஃப்ல விளையாடுற பிள்ளைகளுக்குக் கேன்சர் வருதாம். இவன் வாரத்துக்கு மூணு நாள் போறான். அனுப்பவா, நிறுத்தவா?” இவன் என்பது அவள் மகன், பதின்மூன்று வயது, பந்து இருந்தால் சோறு வேண்டாம் என்கிற ரகம். அந்த வாரக் கடைசியில் மேடவாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் ஆடி முடித்து வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தான். ஒரு கைப்பிடி கறுப்புக் குருணை தரையில் கொட்டியது. சாக்ஸைத் திருப்பி உதறினால் இன்னும் கொஞ்சம். காதுக்குப் பின்னால் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து விரலிடுக்கில் வைத்து நசுக்கினேன். மிளகை விடச் சின்னது, நசுங்கவில்லை, முகர்ந்தால் பஞ்சர் கடை வாசனை.

அது பழைய டயர்தான். லாரியிலும் காரிலும் ஓடித் தேய்ந்த டயரைக் கம்பி நீக்கி, அரைத்து, சலித்து எடுக்கிற குருணை. அக்கா கேட்டதும் இதைப் பற்றித்தான். நான் பல வருடமாக இந்த விஷயத்தைப் படித்துக்கொண்டு வருகிறவன், அதனால் பதில் சொல்ல உட்கார்ந்தேன், சொல்லி முடிக்க ஒரு ராத்திரி ஆகிவிட்டது. காரணம், அந்தச் செய்தி கிளப்பிவிட்ட பயத்துக்கு ஆதாரம் இதுவரை மெலிந்துதான் இருக்கிறது. அதே மைதானத்தில் கண்ணெதிரே இருக்கிற வேறு சில ஆபத்துகளுக்கு ஆதாரம் கெட்டியாக இருக்கிறது. அவற்றைப் பற்றி யாரும் குரல் பதிவு போடுவதில்லை.

டர்ஃப் என்கிற செயற்கைப் புல் தரையில் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அடியில் ஜல்லி, அல்லது நம் ஊர் வாடகை டர்ஃப்களில் பல இடங்களில் வெறும் கான்கிரீட் தளம், சில இடங்களில் மொட்டை மாடி. அதன் மேல் ஒரு பாய். பாயில் பாலிஎத்திலீன் இழைகளைப் புல் மாதிரித் தைத்திருப்பார்கள். இழைகளுக்கு நடுவே முதலில் சிலிக்கா மணல், அது பாயை அழுத்திப் பிடித்துக்கொள்ள. மணலுக்கு மேல் ரப்பர் குருணை. இழை நிமிர்ந்து நிற்பதும், பந்து ஓரளவு நிஜப் புல்லில் துள்ளுவது போலத் துள்ளுவதும், விழுந்தால் அடி கொஞ்சம் குறைவதும் இந்தக் குருணையின் புண்ணியம். முழு அளவுக் கால்பந்து மைதானம் ஒன்றுக்கு 20,000 முதல் 40,000 டயர் வரை அரைத்துக் கொட்ட வேண்டியிருக்கும் என்பது அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்கிற கணக்கு.

இந்தக் குருணை வைத்த டர்ஃப் 1990களின் கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறை. முதல் தலைமுறையின் கதை ஹூஸ்டனில் தொடங்குகிறது. 1965-ல் அங்கே ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட பேஸ்பால் அரங்கம் திறந்தார்கள், உள்ளே நிஜப் புல், வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடி மாதிரித் தகடுகள். பந்து பிடிக்கிறவர்களுக்குக் கண் கூசியது. கூசாமல் இருக்கத் தகடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள், வெயில் படாமல் புல் செத்தது. அடுத்த வருடம் மான்சான்டோ கம்பெனி செய்த நைலான் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள், அரங்கத்தின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டு ஆஸ்ட்ரோடர்ஃப் ஆனது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கியும் முதல் தடவையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. அதில் இந்தியா ஏழாவது இடம். நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுகிற சோகம் அது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். சர்வதேச ஹாக்கி ஆடுகிற எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத் தரையில் இந்த டயர் குருணை கிடையாது. ஹாக்கி டர்ஃப் குட்டை இழை, நெருக்கமான நெசவு, ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சி நனைத்து ஆடுவது. 2023-ல் அங்கே ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காகப் போட்ட பாய், பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்ந்தெடுத்த அதே ரகம். கரும்பிலிருந்து எடுக்கிற பிளாஸ்டிக் அதில் பெரும்பகுதி. ஆகவே இனி நான் குருணை என்று சொல்வதெல்லாம் கால்பந்துக்கும், நம் தெருமுனைகளில் முளைத்திருக்கிற பாக்ஸ் கிரிக்கெட் டர்ஃப்களுக்கும்தான்.

சரி, கேன்சர். இந்தப் பயம் எங்கிருந்து கிளம்பியது என்றால், அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஏமி கிரிஃபின் என்ற பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர் இருந்தார், அவரே முன்னாள் கோல்கீப்பர். தனக்குத் தெரிந்த இளம் வீராங்கனைகள், அதிலும் கோல்கீப்பர்கள், ரத்தப் புற்றுநோய், லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் என்று படுப்பதைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினார். கோல்கீப்பர்தான் எந்நேரமும் தரையில் விழுந்து புரள்பவர், வாயிலும் கண்ணிலும் குருணை போகும். 2014-ல் அது தொலைக்காட்சியில் வந்ததும் நாடே பதறியது. அந்தப் பெண்மணி செய்தது சரியான காரியம் என்றுதான் நான் சொல்வேன். கண்ணில் பட்டதை எழுதி வைத்து, இதைப் பாருங்கள் என்று கேட்டார். அந்த மாநிலச் சுகாதாரத் துறையும் எடுத்துப் பார்த்தது. 2017 ஜனவரியில் முடிவு வந்தது. அந்த வயதில் அத்தனை பேர் கால்பந்து ஆடுகிற மாநிலத்தில் சாதாரணமாகவே எவ்வளவு பேருக்குப் புற்றுநோய் வரும் என்று கணக்குப் போட்டு, பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பட்டியலில் இருந்தது அதை விட மிகவும் குறைவு. டர்ஃபில் ஆடியதால் நோய் கூடியது என்பதற்கு அதில் தடயம் கிடைக்கவில்லை.

நெதர்லாந்திலும் இதே கதைதான். 2016 அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கேள்வி எழுப்பியது, ஏகப்பட்ட கிளப்கள் பிள்ளைகளை டர்ஃபில் இறக்குவதை நிறுத்தின, டிசம்பரில் அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் மாதிரிகளைச் சோதித்து ஆடலாம் என்றது. அடுத்த வருடம் ஐரோப்பிய ரசாயன முகமையும் கவலைப்பட வேண்டிய அளவு மிகக் குறைவு என்றது. அமெரிக்க அரசின் மூன்று துறைகள் சேர்ந்து 2016-ல் தொடங்கிய ஆய்வின் கடைசிப் பகுதி 2024 ஏப்ரலில்தான் வெளிவந்தது. ரசாயனங்கள் இருக்கின்றன, ஆனால் உடம்புக்குள் போகிற அளவு குறைவாகவே இருக்க வாய்ப்பு என்பது அதன் சாரம்.

இருக்கிறது, ஆனால் உள்ளே அதிகம் போவதில்லை என்றால் என்ன அர்த்தம்? டயரில் கார்பன் கறுப்பு இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது, எண்ணெயோடு வருகிற பல வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன, அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவை ரப்பருக்குள் பூட்டிக் கிடக்கின்றன. புளியங்கொட்டையை முழுங்கிய பிள்ளைக்கு என்ன ஆகும்? கொட்டை அப்படியே வெளியே வந்துவிடும், உள்ளே இருந்த பருப்பு உடம்பில் சேராது. குருணையை அமெரிக்க ஆய்வில் செயற்கை வயிற்று நீரிலும் வியர்வையிலும் ஊறவைத்துப் பார்த்தபோது உலோகங்கள் சராசரியாக வயிற்று நீரில் 3 சதவீதம் அளவுக்கும், வியர்வையில் 1 சதவீதத்துக்கும் கீழேயும்தான் கரைந்து வந்தன. ஒரு பொருளில் நஞ்சு இருப்பது வேறு, அது நம்மைச் சேர்வது வேறு. வாட்ஸ்அப் செய்திகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

இதை வைத்து எல்லாம் சுத்தம் என்று நான் கையைக் கழுவ மாட்டேன். அந்த அமெரிக்க ஆய்வே, இது ஆபத்தை மதிப்பிட்ட ஆய்வு அல்ல, எவ்வளவு படுகிறது என்று பார்த்ததுதான் என்று தெளிவாகச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் கவலை குறைவு என்று சொன்ன கையோடு நிற்காமல் 2022 ஆகஸ்டிலிருந்து ஒரு வரம்பும் வைத்தது: அந்த ஹைட்ரோகார்பன்களில் எட்டு வகை சேர்ந்து ஒரு கிலோ குருணையில் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முன்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நூறு, ஆயிரம் என்று இருந்த வரம்பு அது. ஆக, அங்கே பாதுகாப்பு என்று சொல்வது அந்த வரம்புக்குள் சோதித்து விற்கிற குருணையை. நம் பையன் காதில் ஒட்டியிருந்தது எது?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுநாள் அந்த டர்ஃபுக்கே போனேன். வலைக்கு வெளியே மூலையில் நான்கைந்து மூட்டைகள் சாய்த்து வைத்திருந்தார்கள், குருணை குறைகிற இடத்தில் கொட்டுவதற்கு. மூட்டையில் 25 கிலோ என்று மார்க்கரில் எழுதியிருந்தது, வேறு ஒரு எழுத்து இல்லை. பார்த்துக்கொள்கிற பையன் நல்ல பையன், மறைக்கவெல்லாம் இல்லை. “எல்லாரும் இதத்தான் போடுறாங்கண்ணா. ஆள் வந்து இறக்கிட்டுப் போவான்” என்றான். சோதனைச் சான்று என்று ஒன்று உண்டு, குருணை விற்கிறவரிடம் அதைக் கேட்கலாம் என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது. முதலாளியிடம் சொல்கிறேன் என்றான். இந்த மூட்டையில் பெயரில்லாத நிலைதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. ஆடுகிற அத்தனை பேரும் ஆளுக்கு நூறு, நூற்றைம்பது போடுகிறோம், கீழே கொட்டியிருப்பது என்ன என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ரசாயனப் பக்கம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். 2008-ல் நியூஜெர்சியில் நுவார்க், ஹோபோகன் ஊர்களின் பழைய நைலான் டர்ஃப்களில் ஈயம் அதிகமாக இருப்பது தெரியவந்து மைதானங்களை மூடினார்கள். பச்சை பளிச்சென்று தெரிய ஈயம் கலந்த சாயம் போட்டிருந்தார்கள், இழை வெயிலில் நைந்து தூளானபோது ஈயமும் தூளோடு கிளம்பியது. இரண்டாவது, பிலடெல்பியாவின் பழைய வெட்டரன்ஸ் அரங்கம். அங்கே ஆடிய பிலீஸ் பேஸ்பால் அணியின் முன்னாள் வீரர்கள் ஆறு பேர் ஒரே வகை மூளைப் புற்றுநோயில் இறந்திருக்கிறார்கள். 2023-ல் அந்த ஊர்ப் பத்திரிகை, ரசிகர்கள் நினைவுக்காக வாங்கி வைத்திருந்த டர்ஃப் துண்டுகளைத் தேடி வாங்கிச் சோதித்தது, எளிதில் அழியாத ஃப்ளோரின் ரசாயனங்கள் 16 வகை கிடைத்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் பாஸ்டன் நகரம் 2022-லேயே தன் பூங்காக்களில் புதிய டர்ஃப் போடுவதை நிறுத்திக்கொண்டது. சந்தேகம் இருக்கிறபோது பிள்ளைகள் பக்கம் நிற்கலாம் என்ற நினைப்புத்தான், எனக்கு அது பிடித்திருக்கிறது.

இப்போது நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்: சூடு.

எங்கள் பக்கத்து டர்ஃப்களில் ராத்திரி ஸ்லாட் கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை காலியாகக் கிடக்கும், அதனால் விலையில் பாதியைக் குறைப்பார்கள். ஏப்ரல், மே லீவில் கையில் காசு கம்மியாக இருக்கிற பள்ளிப் பிள்ளைகள் எந்த ஸ்லாட்டைப் பிடிப்பார்கள்? அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் போன கோடையில் பத்து நாள் மதியம் ரெண்டு மணிக்கு ஆடியிருக்கிறார்கள். கத்திரி வெயிலில். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை, தரை பச்சையாக இருக்கிறதே, புல் மாதிரி இருக்கிறதே.

நிஜப் புல் உயிருள்ளது, வேரிலிருந்து தண்ணீரை இழுத்து இலை வழியாக ஆவியாக விட்டுத் தன்னைத் தானே குளிர்த்திக்கொள்ளும். உச்சி வெயிலிலும் புல்லில் வெறுங்காலோடு நிற்க முடிவது அதனால்தான். பிளாஸ்டிக் இழைக்கு அந்த வித்தை தெரியாது. வாங்கின வெயிலை அப்படியே வைத்துக்கொள்ளும், கீழே கறுப்புக் குருணை வேறு. 2002-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தங்கள் புது மைதானத்தை அளந்தார்கள். அளக்கத் தூண்டியதே பயிற்சியாளர் ஒருவருக்கு ஷூ போட்டிருந்தும் பாதத்தில் கொப்புளம் வந்ததுதான். காலையிலிருந்து மாலை வரை எடுத்த சராசரியில் நிஜப் புல் 26 டிகிரி செல்சியஸ், தார்த்தளம் 43 டிகிரி, டர்ஃப் 47 டிகிரி. தாரை விட டர்ஃப் சூடு! காற்று 37 டிகிரி இருந்த ஒரு நாளில் டர்ஃபின் மேற்பரப்பு 93 டிகிரிக்குப் போனது. டீ போடுகிற தண்ணீர் கொதிக்கத் தயாராகிற சூடு அது.

தண்ணீர் அடித்தால் ஆறாதா என்றால், அதையும் அங்கேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 79 டிகிரியில் இருந்த டர்ஃப் மீது தண்ணீர் பாய்ச்சினார்கள், 29-க்கு இறங்கியது. ஐந்து நிமிடத்தில் 49. இருபது நிமிடத்தில் 73. அதாவது நனைத்துவிட்டு ஆட்டம் தொடங்கினால் முதல் பாதி முடிவதற்குள் பழைய சூட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். யூட்டா உலர்ந்த பூமி. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் நனைத்த தரையிலிருந்து கிளம்புகிற ஆவி காற்றின் ஈரத்தைக் கூட்டும், வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்க வழி இல்லை. சுற்றிலும் வலை, பக்கத்தில் தகரக் கொட்டகை, காற்றும் மட்டு. பிள்ளைகள் பெரியவர்களை விட உயரம் குறைவு, தரைச் சூட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறவர்கள், தாகம் எடுத்தாலும் ஆட்டம் முடியட்டும் என்று நிற்கிறவர்கள்.

2015-ல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை முழுவதும் டர்ஃபில்தான். ஆண்கள் உலகக் கோப்பையை ஒருபோதும் அப்படி நடத்தியதில்லை என்று அமெரிக்க வீராங்கனை ஏபி வாம்பாக் தலைமையில் பலர் முந்தைய அக்டோபரில் ஒன்டாரியோவின் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கே போனார்கள், நேரம் இல்லாமல் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். எட்மன்டனில் தொடக்க ஆட்டத்தன்று டர்ஃபின் சூடு 49 டிகிரி. அது கனடா, ஜூன் மாதம். சென்னையின் காற்று மட்டுமே 2003 மே 31 அன்று 45 டிகிரி தொட்டது. அந்த மாதிரி நாளில் நம் தெருமுனை டர்ஃப் என்ன சூட்டில் இருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. வெயிலில் தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல், வியர்வை நின்று தோல் கொதிப்பது, இதில் எது வந்தாலும் ஆட்டத்தை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். கேன்சர் வருமா என்பது இருபது வருடக் கேள்வி. இது இருபது நிமிட விஷயம்.

அடுத்தது சிராய்ப்பு. நான் கோவில்பட்டிக்காரன், கரிசலும் சரளையும் கலந்த தரையில் ஹாக்கி ஆடி வளர்ந்தவன், முழங்காலில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. அதனால் டர்ஃப் சிராய்ப்பு ஒன்றும் பெரிதல்ல என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். பையனின் தொடையில் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. சறுக்கி விழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் ஒரு படலமாக உரிந்து, சூடு வைத்த மாதிரி பளபளவென்று சிவந்து கசிந்துகொண்டிருந்தது, ரத்தம் அதிகம் இல்லை. உராய்வின் சூட்டில் தோல் வெந்து போகிறது, பாதி சிராய்ப்பு, பாதி தீப்புண். கசிவு சீக்கிரம் நிற்காது, சாக்ஸும் ஷார்ட்ஸும் ஒட்டிக்கொள்ளும், கிருமிக்கு வாசல் திறந்தே கிடக்கும். 2003-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம்) அணியில் ஐந்து வீரர்களுக்கு, மருந்துக்கு லேசில் மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியால் எட்டுக் கட்டிகள் வந்தன. எல்லாமே டர்ஃப் சிராய்ப்பு இருந்த இடங்களில். இதை ஆராய்ந்தவர்கள் டர்ஃபை மட்டும் குறை சொல்லவில்லை, ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தியது, புண்ணை மூடாமல் விட்டது, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஒரே துண்டு, ஒரே ஜெர்சி, ஒரே கீப்பர் கிளவுஸ். பேஸ்ட், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் குருணை போகக் கழுவி, சுத்தமான துணி வைத்து மூடினால் போதும். இரண்டு நாளில் சுற்றிலும் சிவந்து வீங்கினால் டாக்டர்.

முழங்காலைப் பற்றி டாக்டர்களும் வீரர்களும் ஐம்பது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். நிஜப் புல்லில் ஸ்டட், அதாவது ஷூவுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற முளை, சிக்கிக்கொண்டால் மண் பெயர்ந்து காலை விட்டுவிடும், அந்தப் பெயர்ந்த மண்கட்டிதான் நம் மூட்டைக் காப்பாற்றுகிறது. டர்ஃப் பெயராது. உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் இருக்கிற முழங்காலும் கணுக்காலும் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும். 1993-ல் அதே பிலடெல்பியா அரங்கத்தில் சிகாகோ பேர்ஸ் அணியின் வெண்டல் டேவிஸ் பந்தைப் பிடிக்க எம்பினார், ஒருவரும் அவர் மேல் மோதவில்லை, இரண்டு முழங்கால் தசைநாரும் ஒரே நேரத்தில் அறுந்தன. 2020-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் சங்கத் தலைவர் ஜே.சி. டிரெட்டர், 2012 முதல் 2018 வரையிலான காயக் கணக்கை எடுத்துப் போட்டார். மோதல் இல்லாமல் வருகிற முழங்கால் காயம் டர்ஃபில் 32 சதவீதம் அதிகம், பாதம், கணுக்கால் காயம் 69 சதவீதம் அதிகம். நாம் ஆடுகிற கால்பந்தில் வித்தியாசம் இவ்வளவு துலக்கமாக இல்லை, சில ஆய்வுகளில் மொத்தக் காயம் இரண்டிலும் ஒன்றுபோல வந்திருக்கிறது, கணுக்கால் சுளுக்கு மட்டும் டர்ஃபில் கூடுதலாகத் தெரிகிறது. ஆனாலும் ஃபிஃபா 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்கு நிஜப் புல்தான் வேண்டும் என்று விதி வைத்தது, வருடம் முழுக்க டர்ஃபில் ஓடுகிற அமெரிக்க அரங்கங்களும் புல் போட வேண்டும் என்று. காசு இருக்கிற இடத்தில் நல்ல கால்களுக்குப் புல் கிடைக்கிறது.

நம் வாடகை டர்ஃப்களில் எனக்குக் கவலை அதை விடச் சாதாரணமானது: தரை இறுகிப்போவது. கோல் முன்னாலும் கிரீஸ் பக்கத்திலும் குருணை சிதறி ஓரத்துக்குப் போய்விடும், மணல் மட்டும் இறுகிக் கிடக்கும், அதற்குக் கீழே கான்கிரீட். மேலை நாடுகளில் ஒரு எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து போட்டு அதிர்ச்சி எவ்வளவு என்று அளப்பார்கள், 200 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 200 மடங்கு தாண்டினால் அந்த மைதானத்தில் ஆடக் கூடாது, தலை அடிபட்டால் தாங்காது. நம்மிடம் கருவி இல்லை, கை இருக்கிறது. கோல் முன்னால் குனிந்து விரலை இழைக்குள் விட்டுப் பார்த்தால் குருணை தட்டுப்பட வேண்டும். நேராகக் கெட்டித் தரை தட்டினால், இழை எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால், பாய் ஒட்டுகிற இடம் பிரிந்து வாய் பிளந்திருந்தால், அந்த டர்ஃபுக்குப் பராமரிப்பு இல்லை என்று அர்த்தம். வலையைத் தாங்குகிற இரும்புக் கம்பங்களுக்கு மெத்தை சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள், பந்தைத் துரத்துகிற பிள்ளை கம்பத்தைப் பார்ப்பதில்லை. ஷூவும் முக்கியம். நீளமான ஸ்டட் வேண்டாம், சின்னச் சின்ன ரப்பர் புள்ளி நிறைந்த டர்ஃப் ஷூ என்றே விற்கிறார்கள், அது போதும்.

கொட்டுகிற குருணை எங்கே போகிறது என்பது நம் உடம்பை விட்டு வெளியே போன கேள்வி, ஆனாலும் நம் கேள்விதான். ஷூவில் கொஞ்சம், மழையில் மீதி, வடிகால் வழியாக ஏரிக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும். ஐரோப்பாவில் மட்டும் வருடத்துக்கு 16,000 டன் குருணை இப்படி வெளியேறுகிறது என்று கணக்குச் சொல்லி, அதை நுண்பிளாஸ்டிக் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2031 அக்டோபருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் மைதானத்துக்கு இந்தக் குருணையை விற்கவே முடியாது. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் பகுதியில் மழை பெய்தால் கோஹோ சால்மன் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்று வருடக்கணக்கில் தேடியவர்கள் 2020 டிசம்பரில் விடை சொன்னார்கள்: டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கப் போடுகிற 6பிபிடி என்ற ரசாயனம் ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறி மீனைக் கொல்கிறது. சாலையில் தேய்கிற டயரை வைத்துச் செய்த ஆய்வு அது, ஆனால் குருணையும் அதே டயர்தானே.

இவ்வளவும் சொல்லிவிட்டு டர்ஃபை மூடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோவில்பட்டியில் செயற்கை ஹாக்கித் தரை வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெரிய போட்டிகளில் தரைக்குத் திணறாமல் ஆடுகிறார்கள். சென்னையில் ஆட இடம் எங்கே இருக்கிறது? 2024 அக்டோபரில் மாநகராட்சி தன்னுடைய ஒன்பது செயற்கைப் புல் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டபோது எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது, உடனே கைவிட்டார்களே, அந்தத் திடல்கள் அந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டியவை. நிஜப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டும், ஓய்வு வேண்டும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஆடினால் ஒரு மாதத்தில் மொட்டையாகிவிடும். குருணைக்குப் பதில் வேறு போடலாம் என்பதை மட்டும் உரக்கச் சொல்வேன். தக்கையும் தென்னை நாரும் கலந்து நிரப்புகிற மைதானங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன, ஈரத்தைப் பிடித்து வைப்பதால் சூடும் குறைவு. கனமழையில் மிதக்கும், காய்ந்தால் தூசி பறக்கும், அடிக்கடி நிரப்ப வேண்டும், அந்தத் தொல்லை உண்டு. ஆனால் பொள்ளாச்சியில் நார் மலை மலையாகக் குவிந்து கிடக்கிற மாநிலத்தில் நாம் பெயர் தெரியாத டயர் மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

அக்காவிடம் சொன்னது இதுதான். அனுப்பு, நிறுத்தாதே. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை காலை எட்டுக்கு மேல், மாலை ஐந்தரைக்கு முன் வேண்டாம், பாதி விலை என்றாலும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து எண்ணு, தாங்கவில்லை என்றால் ஆட்டம் இல்லை. வாயில் குருணை போனால் துப்பிக் கொப்பளிக்கச் சொல், டர்ஃபிலேயே உட்கார்ந்து சமோசா தின்ன விடாதே, வந்ததும் கைகால் கழுவிக் குளிக்கச் சொல். தண்ணீர் பாட்டிலைக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கால் மணிக்கு ஒரு தடவை குடிக்கட்டும். “அப்ப கேன்சர்?” என்றாள். இப்போது தெரிந்தவரை அதற்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் குருணைக்குச் சான்று கேட்பதை விடாதே என்றேன். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவன், “மாமா, நான் வாங்கித் தர்றேன், எங்க டீம்ல பத்துப் பேர் இருக்கோம், பத்துப் பேரும் கேட்டா தரமாட்டாங்களா?” என்றான். மறுநாள் காலை ஆறு மணி ஸ்லாட்டுக்குப் போனவன் ஷூவை அங்கேயே வலைக்குள் தட்டி உதறிவிட்டு வந்தான். வாசலில் கவிழ்த்துப் பார்த்தோம், நாலைந்து குருணைதான் விழுந்தது.